பண்ணைக்காரர் ரோடியோவுக்குக் கூப்பிடுகிறார், பையனை ஆட்டின் மேல் ஏற்றலாமா?

சமவெளிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி டாக்டர். விசா விதிப்படி டாக்டர் தட்டுப்பாடு உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்பதால் டெக்சாஸின் வடமூலைக்கு, பான்ஹேண்டில் என்று சொல்லும் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்து நகரமான அமரில்லோவே ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஜன்னலைத் திறந்தால் புல், முள்கம்பி வேலி, காற்று, அப்புறம் மறுபடியும் புல்.

வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், 72 வயது. அவருடைய மனைவி பல வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நாங்கள் குடிவந்த முதல் வாரமே ஒரு பெரிய பெட்டி நிறைய உறைந்த மாட்டுக்கறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். பெரியவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், மறுநாள் காலையில் வாசலில் இரண்டு டஜன் முட்டை இருந்தது. இப்படிப்பட்ட ஆள்.

ஒருநாள் பேச்சுக்கு "எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டேன். "போதுமான அளவு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா?

அவருக்கு வலது கை பெருவிரலில் பாதி இல்லை. போன குளிர்காலத்தில் குதிரை சறுக்கி விழுந்து காறை எலும்பு முறிந்தது என்று அவரே சொன்னார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, முற்றத்தில் ஒரு புல்கட்டில் பிளாஸ்டிக் மாட்டுத்தலையைச் செருகி வைத்து, தினமும் சாயங்காலம் 16 வயது பேத்தியோடு நின்று சுருக்குக் கயிறு வீசிக்கொண்டிருக்கிறார். வாரக் கடைசி வந்தால் குடும்பமே டிரக்கின் பின்னால் குதிரை ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு எங்காவது ரோடியோவுக்கு, அதாவது மாடு, குதிரை வைத்து ஆடும் போட்டிக்கு, கிளம்பிவிடுகிறது.

இப்போது கேள்வி. அடுத்த மாதம் எங்கள் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரோடியோ நடக்கிறது, எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் செம்மறியாட்டின் மேல் உட்கார்ந்து ஓட்டும் போட்டிக்கு என் ஆறு வயதுப் பையன் பெயரையும் கொடுக்கட்டுமா என்கிறார். பையன் குதிக்கிறான், மனைவி முறைக்கிறாள். ஏற்றலாமா? இன்னொன்று, உண்மையிலேயே புரியாமல் கேட்கிறேன்: வருடம் முழுக்க மாட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு நாளிலும் காசு கட்டி மாட்டோடு மல்லுக்கட்டப் போகிறார்களே, இதில் என்ன இருக்கிறது? பணமா?

காங்கயம்_செந்தில்:

நம்ம ஊர் ஜல்லிக்கட்டு மாதிரிதானே அண்ணா? பரிசுக்காகவா வாடிவாசலுக்குப் போகிறார்கள்? எங்கள் அப்பா காளை வளர்த்த காலத்தில் வீட்டில் எங்களுக்கு இல்லாத பருத்திக்கொட்டையும் பேரீச்சையும் அதற்கு இருக்கும். கணக்குப் பார்த்தால் முடியாது. பையனை ஏற்றுங்கள், ஆடுதானே.

மாட்டுடாக்டர்:

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்து தேர்வெல்லாம் மறுபடி எழுதி, மேற்குக் கன்சாஸில் 19 வருடமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் பெரியவரைப் போல எனக்கு நாற்பது பேரைத் தெரியும்.

முதலில் மாட்டுக் கணக்கு. எத்தனை மாடு என்று கேட்பது இங்கே வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி. எத்தனை ஏக்கர் என்றும் கேட்கக் கூடாது. கோபப்பட மாட்டார்கள், உங்களுக்குக் கிடைத்த மாதிரி ஒரு பதில் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். உங்கள் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே போதும் போதும் என்று ஆகிவிடும்.

பெருவிரல். அது எந்திரத்தில் போனது இல்லை, கயிற்றில் போனதாகத்தான் இருக்கும். சுருக்கு மாட்டின் கொம்பில் விழுந்ததும், கையில் இருக்கும் மிச்சக் கயிற்றைச் சேணத்தின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் குமிழில் சட்டென்று சுற்ற வேண்டும். இந்தப் பக்கம் 500 கிலோ குதிரை நிற்கிறது, அந்தப் பக்கம் 200 கிலோவுக்கு மேல் மாடு ஓடுகிறது, நடுவில் விரல் மாட்டினால் அரை நொடியில் போய்விடும். இந்தச் சுற்றுக்கு டாலி என்று பெயர். மெக்சிகோ மாட்டுக்காரர்கள் ஸ்பானிய மொழியில் 'தார் லா வுவெல்தா', சுற்றிப் போடு என்றதை அமெரிக்க வாய் தேய்த்து டாலி ஆக்கிவிட்டது. லாரியட், லாசோ எல்லாம் அப்படி வந்ததுதான். ரோடியோ என்ற சொல்லே மாடுகளை வளைத்துக் கூட்டுவதற்கான ஸ்பானியச் சொல். வேலையும் பெயரும் அவர்களுடையவை, படத்தில் மட்டும் வெள்ளைக்காரர் வருவார்.

இப்போது அந்தப் பெரியவரின் வருடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், மற்றது தானாகப் புரியும். பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈனும் காலம். தலையீற்றுக் கிடாரிகளை இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் ஈற்றில்தான் கன்று மாட்டிக்கொள்ளும். பனி கொட்டும் இரவில் பிறந்த கன்றை அப்படியே தூக்கி டிரக்கின் கால்வைக்கும் இடத்தில் போட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவார்கள். ஒரு வீட்டில் குளியல் தொட்டியில் வெந்நீரில் கிடத்தி, அந்த வீட்டம்மா வாத்துக்குஞ்சைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல், மே மாதத்தில் கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போடுவது. உங்களைக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள், ரோடியோவை விட இதுதான் பார்க்க வேண்டியது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குதிரையோடு வந்து இறங்குவார்கள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். ஆனால் அவர்கள் வீட்டு நாளில் நீங்கள் போயாக வேண்டும், நம்ம ஊர் மொய் மாதிரி நோட்டில் எழுதாத கணக்கு. ஒருவர் குதிரையில் மந்தைக்குள் மெதுவாக நுழைந்து கன்றின் பின்னங்கால் இரண்டிலும் சுருக்குப் போட்டு நெருப்புப் பக்கம் இழுத்துவருவார், இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், ஒருவர் ஊசி, ஒருவர் சூடு, ஒருவர் காயடிக்க. எல்லாம் ஓரிரு நிமிடம்தான், கன்று எழுந்து தாயிடம் ஓடிவிடும். அந்தச் சுருக்கைப் போடுகிற ஆளாக இருப்பது ஒரு மரியாதை. வயதானவர்களுக்கும், நன்றாகக் கயிறு வீசும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் கன்றுகளுக்குப் பால் மறக்கடிப்பது. தாய் ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம், மூன்று நாள் இரவும் பகலும் கத்தும். ஊரே தூங்காது. அப்போது நான் போய்த் தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு சினை பார்ப்பேன். சினை பிடிக்காத மாடு மறுநாள் ஏலத்துக்குப் போகும். எத்தனை மாடு என்று சொல்லாத அதே மனிதர், நான் "காலி" என்று சொன்னதும் அந்த மாட்டின் தாய் யார், எந்த வருடப் பனியில் பிறந்தது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு விற்கும் மாடு என்று அடையாளம் போடச் சொல்வார். விற்றுத்தான் ஆக வேண்டும்.

கன்று 225, 250 கிலோ வந்ததும் விற்கிறார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை சம்பளம். உங்கள் பக்கத்து வறண்ட புல்வெளியில் ஒரு மாட்டுக்கு 20 ஏக்கர் வரைகூடத் தேவைப்படும், ஆகவே பார்க்க ராஜ்ஜியம் மாதிரி இருக்கும், கையில் காசு இருக்காது. 2011-இல் டெக்சாஸில் பெரிய வறட்சி, புல் இல்லாமல் தலைமுறையாகக் கட்டிக் காத்த மந்தையையே பலர் விற்றார்கள். 2024 பிப்ரவரி 26-ஆம் தேதி உங்கள் பான்ஹேண்டிலில் பிடித்த தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, டெக்சாஸ் வரலாற்றிலேயே அதுதான் பெரியது. ஆயிரக்கணக்கில் மாடு செத்தது. அடுத்த வாரமே வேறு மாநிலங்களிலிருந்து டிரக் டிரக்காகக் காய்ந்த புல்லை ஏற்றிக்கொண்டு முன்பின் தெரியாத பண்ணைக்காரர்கள் வந்தார்கள், எங்கள் ஊரிலிருந்தும் போனது. அமெரிக்காவின் மொத்த மாட்டு எண்ணிக்கை 2025 தொடக்கத்தில் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அதனால் கன்றுக்கு நல்ல விலை வந்தது. ஆனால் நல்ல விலை வரும்போது விற்க மாடு இருக்க வேண்டுமே. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இவர்களுக்கும் அப்படியே. அந்த அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டியது பொழுதுபோக்குக்கு இல்லை தம்பி. பண்ணை வீடுகளில் ஒருவர் ஊருக்குள் வேலைக்குப் போவதே பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டுக்காகத்தான். காறை எலும்பை ஒட்டவைத்த காசு அந்தப் பேருந்தில் வந்ததாக இருக்கலாம்.

சரி, ரோடியோவில் பணமா என்றால், இல்லை. நுழைவுக் கட்டணம் தன் கையிலிருந்து, டீசல் தன் கையிலிருந்து, சம்பளம் கிடையாது, ஜெயித்தால்தான் காசு. டிசம்பரில் லாஸ் வேகாஸில் பத்து இரவு நடக்கும் தேசிய இறுதிப் போட்டிக்கு ஒரு பிரிவுக்கு 15 பேர்தான் போக முடியும், அவர்களுக்கு வேண்டுமானால் பணம். பெரியவரும் பேத்தியும் போடுவது டீம் ரோப்பிங்காக இருக்கும். ஒருவர் கொம்பைப் பிடிக்க வேண்டும், பிடித்து இடப்பக்கம் திருப்ப வேண்டும், மற்றவர் இரண்டு பின்னங்காலையும் பிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் மாட்டினால் 5 வினாடி அபராதம். தொழில்முறை ரோடியோவில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் பிரிவு இது ஒன்றுதான். உள்ளூர்ப் போட்டிகளில் திறமைக்கு ஏற்ப எண் கொடுத்து ஜோடி சேர்ப்பதால் எழுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே களத்தில் இறங்கலாம்.

என்னிடம் வரும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். அப்பாவும் மகனும் நிலத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் முறைத்துக்கொண்டார்கள், தங்கைகளுக்குப் பங்கு கொடுத்தால் பண்ணை துண்டாகிவிடும், கொடுக்காவிட்டால் பாவம், நமக்குத் தெரியாத கதையா. இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. மாட்டைப் பற்றிக்கூட என் வழியாகத்தான் பேசினார்கள், "அந்தக் காளையை இந்த வருடமும் வைத்துக்கொள்வதா என்று அவனிடம் கேளுங்கள் டாக்டர்" என்பார், அவன் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பான். ஆனால் அந்த இரண்டு வருடமும் வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து கயிறு வீசப் போனார்கள். ஜோடியை மாற்றவில்லை. களத்துக்குப் பக்கத்தில் குதிரையில் நிற்பார்கள், அப்பா தலையை லேசாக ஆட்டுவார், கதவு திறக்கும், எட்டு ஒன்பது வினாடி, முடிந்தது, ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பண்ணையில் ஒருவர் முதலாளி, மற்றவர்கள் சொன்னதைச் செய்ய வேண்டும், கடனும் மழையும் நடுவில் கிடக்கும். அந்தக் களத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு கயிறு, ஆளுக்கு ஒரு வேலை.

பையனைத் தாராளமாக ஏற்றுங்கள். ஹெல்மெட்டும் மார்புக்கவசமும் போட்டுத்தான் விடுவார்கள், எடை வரம்பு உண்டு, கீழே மணல். பிள்ளைகள் மூன்று நான்கு வினாடியில் பொத்தென்று விழுவார்கள். ஆனால் அன்றைக்கு அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். என் மகள் விழுந்து, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எப்போது என்று கேட்டாள்.

லண்டன்_வாசகன்:

எல்லாம் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டிடம் யாராவது கேட்டார்களா? பிரிட்டனில் 1934-லேயே சட்டம் போட்டு இதை நடத்த முடியாமல் செய்துவிட்டார்கள். கன்றை ஓடவிட்டுக் கழுத்தில் கயிறு போட்டு வெடுக்கென்று இழுத்துச் சாய்ப்பதற்குப் பெயர் குடும்பப் பாரம்பரியமா? காளையின் விதைப்பையைக் கயிற்றால் இறுக்கித்தான் துள்ள வைக்கிறார்கள் என்றும் படித்தேன். ஒரு கால்நடை மருத்துவர் இதை ஆதரிப்பது ஆச்சரியம்.

மாட்டுடாக்டர்:

கோபம் நியாயம்தான், ஆனால் அந்தக் கயிறு விதைப்பையில் கட்டுவது இல்லை, இடுப்புக்கு முன்னால் வயிற்றைச் சுற்றிப் போடுவது. பின்னங்காலை எட்டி உதைத்து அதைத் தள்ளப் பார்க்கும். நோகும்படி இறுக்கினால் மாடு துள்ளாது, படுத்துவிடும் அல்லது நகராது. துள்ளுவது ரத்தத்தில் வருவது, அதற்காகவே பரம்பரை பார்த்து, டிஎன்ஏ பதிவேடு வைத்து வளர்க்கிறார்கள். காளைச் சவாரிக்கு 100 மதிப்பெண் என்றால் பாதி மனிதனுக்கு, பாதி மாட்டுக்கு. அசட்டையாகத் துள்ளுகிற காளை மேல், விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய எட்டு வினாடியும் உட்கார்ந்தாலும் ஜெயிக்க முடியாது. செந்தில் சொன்ன ஜல்லிக்கட்டு ஒப்புமை இந்த இடத்தில்தான் பொருந்துகிறது, காளைக்கும் பேர் உண்டு.

கன்று விஷயத்தில் உங்களோடு நான் சண்டை போடப் போவதில்லை. கன்றைச் சாய்த்துக் கட்டும் அந்தப் பிரிவு எனக்குப் பிடிக்காது. பெரும்பாலான கன்றுகள் எழுந்து போய்விடும், சிலவற்றுக்குக் காயம் படுவதை நான் பார்த்திருக்கிறேன். சூடு போடும் நாளில் பண்ணையில் யாரும் ஓடும் கன்றை அப்படி வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள், இழுத்தால் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடுங்கிவிடுவார், ஏனென்றால் அது அவருடைய காசு. பெண்கள் ஆடும் ஒரு வகையில் கயிற்றைக் குமிழில் மெல்லிய நூலால்தான் கட்டியிருப்பார்கள், சுருக்கு விழுந்து கயிறு இறுகியதும் நூல் அறுந்துவிடும், கன்று ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாருமே அப்படி ஆடினால் என்ன என்று நான் இங்கே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன், அன்றைக்கு எனக்குக் காபி கிடைக்கவில்லை.

துல்சா_மீனா:

நான் ஓக்லஹோமாவில் 14 வருடம். கணவருக்குக் கிரிக்கெட், எனக்கு ரோடியோ, சிரிக்காதீர்கள். சமவெளிக்காரன் கேட்ட "இதில் என்ன இருக்கிறது" என்பதற்கு இரண்டு பழைய ஆட்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

ஜிம் ஷோல்டர்ஸ், 1928-இல் எங்கள் துல்சாவில் பிறந்தவர். 16 உலகப் பட்டம்: காளைச் சவாரியில் 7, சேணமில்லாக் குதிரையில் 4, ஒட்டுமொத்தத்தில் 5. கவனியுங்கள், இவர் பண்ணையில் பிறந்தவர் இல்லை. நகரத்துப் பையன். பண்ணைக்காரன் ரோடியோவுக்குப் போவதுதான் வழக்கம், இவர் ரோடியோவில் ஜெயித்த காசில் ஹென்றியெட்டா பக்கம் நிலம் வாங்கிப் பண்ணைக்காரர் ஆனார். மனைவி, நான்கு பிள்ளைகள். பிறகு ரோடியோக்களுக்குக் காளை, குதிரை சப்ளை செய்தார், இளம் பிள்ளைகளுக்குக் காளைச் சவாரி சொல்லிக்கொடுக்கப் பள்ளியும் நடத்தினார். அவருடைய காளைகளில் ஒன்றுக்கு டொர்னாடோ என்று பேர். இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தள்ளிவிட்டது, ஒருவராலும் எட்டு வினாடி உட்கார முடியவில்லை.

1967 டிசம்பர் 1, ஓக்லஹோமா சிட்டி, தேசிய இறுதிப் போட்டி. சீட்டுக் குலுக்கலில் டொர்னாடோ விழுந்தது ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன் என்பவருக்கு. வயது 46. தென்கிழக்கு ஓக்லஹோமாவில் சோப்பர் என்ற சின்ன ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த மனிதர். ஐந்து வருடம் முன்னால், 1962-இல், கழுத்து முறிந்தது. பரிசுப் பணம் அதிகம் சேர்த்தவருக்குத்தான் பட்டம், அந்த வருடம் அதுவரை அவர் சேர்த்தது அதிகம் என்பதால் கட்டோடு படுத்திருந்தபடியே உலகப் பட்டமும் வாங்கினார்! அவர் டொர்னாடோ மேல் எட்டு வினாடி உட்கார்ந்துவிட்டார். இன்னும் இங்கே வயசானவர்கள் அந்த இரவில் நான் அரங்கத்தில் இருந்தேன் என்பார்கள். அத்தனை பேர் உட்கார அந்த அரங்கத்தில் இடமே இருந்திருக்காது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. யூட்டாவிலிருந்து அவர் வட்டாரத்துக்குக் குடிவந்த ஒரு பையனுக்குக் காளைச் சவாரியின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். லேன் ஃப்ராஸ்ட். பையனின் அப்பாவும் குதிரைச் சவாரிக்காரர்தான். லேன் 1987-இல் உலக சாம்பியன் ஆனான், ஃப்ரெக்கிள்ஸ் அதே வருடம் புற்றுநோயில் இறந்தார். 1989 ஜூலை 30, வயோமிங்கின் ஷயான் ரோடியோவில் எட்டு வினாடி முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி லேன் இறந்தான், 25 வயது. அதற்குப் பிறகுதான் மார்புக்கவசம் எல்லாரும் போட ஆரம்பித்தார்கள், உங்கள் பையன் ஆட்டின் மேல் போடப் போகிறதும் அதன் குட்டிதான். ஹ்யூகோ என்ற ஊரில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். அதே கல்லறைத் தோட்டத்தில் சர்க்கஸ்காரர்களுக்கு என்று ஒரு பகுதி, யானை உருவம் வைத்த கல் எல்லாம் உண்டு. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

குடும்பம் என்று கேட்டதால் இன்னொன்று. யூட்டாவில் மில்ஃபோர்ட் ஊர் ரைட் குடும்பம். அப்பா பில் ரைட்டுக்கு சயான் (Zion) தேசியப் பூங்கா பக்கத்து மேட்டில் மாட்டு நிலம், 13 பிள்ளைகள். மகன் கோடி சேணக் குதிரைச் சவாரியில் 2008, 2010-இல் உலக சாம்பியன், தம்பி ஜெஸ்ஸி 2012, இன்னொரு தம்பி ஸ்பென்சர் 2014, அப்புறம் கோடியின் மகன் ரைடர் 2017. கோடியின் இன்னொரு மகன் ஸ்டெட்சன் 2019-இலிருந்து 2023 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ஒட்டுமொத்தப் பட்டம். சித்தப்பனும் அண்ணன் மகனும் ஒரே பட்டத்துக்கு எதிரெதிராக நின்றிருக்கிறார்கள், நின்றுவிட்டு ஒருவன் குதிரைக்கு இன்னொருவன் சேணம் பிடித்திருக்கிறான்.

மனைவியிடம் சொல்லுங்கள், அவர் முறைப்பது சரிதான், இந்த விளையாட்டில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அவர்களே டிரக்கை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம், பெண்கள் 1948-லேயே டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பரில் முடிந்தால் அமரில்லோவுக்குப் போங்கள். பண்ணைகளில் உண்மையாக வேலை செய்பவர்கள் மட்டும் அணி அணியாக வந்து ஆடும் ரோடியோ நடக்கும். அதில் பழகாத பசுவைக் கயிறு போட்டுப் பிடித்து பாட்டிலில் பால் கறக்கும் போட்டி ஒன்று உண்டு. நாலு வாட்டசாட்டமான ஆட்கள் ஒரு பசுவிடம் படும் பாட்டைப் பார்க்க வேண்டும், எங்கள் பாட்டி இருந்திருந்தால் கன்றை அவிழ்த்துவிடுங்கடா என்று சத்தம் போட்டிருப்பாள்.

சமவெளிக்காரன்:

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக மாட்டுடாக்டர் சாருக்கு.

பையன் ஏறினான். ஆடு கதவைத் தாண்டியதும் நேராக ஓடும் என்று நினைத்தேன், அது வேலி ஓரமாகத் திரும்பியது, இவன் ஒரு பக்கமாகச் சரிந்து அப்படியே தொங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் விழுந்தான். வாய் நிறைய மணல். மனைவி என் கையைப் பிடித்திருந்த இடத்தில் இன்னும் நகக்குறி இருக்கிறது. எழுந்து சுற்றிப் பார்த்தான், கூட்டம் கைதட்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பியைப் போல ஆட்டினான். தொப்பி ஆட்டச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை, பெரியவர் எனக்குத் தெரியாது என்கிறார், நம்புகிற மாதிரி இல்லை.

பெரியவரும் பேத்தியும் இறங்கினார்கள். அவர் முதல் வீச்சிலேயே கொம்பைப் பிடித்து, அந்தப் பாதி விரலோடு சுற்றி, திருப்பினார். பேத்திக்கு ஒரு கால்தான் மாட்டியது. ஐந்து வினாடி போயிற்று, பரிசு ஒன்றும் இல்லை. நான் ஆறுதல் சொல்லலாம் என்று ட்ரெய்லர் பக்கம் போனேன். அங்கே பேத்தி, "நீங்கள் அவசரப்பட்டுச் சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள், எனக்குக் கோணமே கிடைக்கவில்லை" என்று தாத்தாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து "ஆமாம், திருப்பிவிட்டேன்" என்றார். இந்த ஒன்றரை வருடத்தில் தன் தப்பை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகியபோதுகூட காற்றின் திசை சரியில்லை என்றவர்.

நாங்கள் எலுமிச்சை சாதமும் முறுக்கும் கொண்டுபோயிருந்தோம். அந்த அம்மா முறுக்கை ஒரு கை பார்த்துவிட்டு இதில் என்ன மாவு என்று மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் மழையைப் பற்றிக் கேட்டேன். 40 நிமிடம்! நடுவில் தீ வந்த அன்று வேலியை வெட்டி மாடுகளைத் திறந்துவிட்டதைச் சொன்னார், எத்தனை திரும்பி வந்தன என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஆனால் அவராகவே ஒரு எண்ணைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

இப்போது முற்றத்தில் சாயங்காலம் மூன்று பேர் நிற்கிறார்கள். பையனுக்கு ஒரு சின்னக் கயிறு கொடுத்திருக்கிறார். முதல் சுருக்கு எங்கள் குப்பைத்தொட்டியில் விழுந்தது, இரண்டாவது என் நாற்காலியில், நான் மீட்டிங்கில் இருந்தபோது. அந்தப் பிளாஸ்டிக் மாட்டுத்தலை தனியாகக் கடையில் கிடைக்குமா? நாற்காலியைக் காப்பாற்ற வேண்டும்.